சாவி என்னிடம் இருந்த சனிக்கிழமை

எங்கள் தோட்டத்துக் கோயிலின் சாவியைக் கைப்பையில் வைக்க முடியாது. இரும்பில் செய்தது, என் உள்ளங்கையைவிட நீளம், ஒரு சிறிய சுத்தியலின் கனம். வெள்ளைக்காரத் துரைமார் காலத்துப் பூட்டு என்பதால் அதற்கு வேறு சாவியும் கிடையாது. கோயில் என்று நாங்கள் சொல்வது, ரப்பர் மரங்களுக்கு நடுவே மேட்டில் நிற்கும் சிறிய கருங்கல் தேவாலயத்தை. மாதத்துக்கு ஒருமுறை கேகாலையிலிருந்து போதகர் வந்து ஆராதனை நடத்துவார். மற்ற நாட்களில் பூட்டியே கிடக்கும்.

அந்தச் சாவி பரம்பரையாக என் கணவர் வீட்டில்தான் இருக்கிறது, சமையலறைக்குப் போகும் வழியில் ஓர் ஆணியில். சனிக்கிழமைதோறும் என் மாமியார் மேலே ஏறிப் போய்த் திறந்து, கூட்டி, பலிபீடத்துத் துணியை உதறி விரித்து, பூ வைத்துவிட்டு வருவார். நான் அவரை அத்தை என்றுதான் கூப்பிடுவேன். சில மாதங்களுக்கு முன் அத்தையின் முழங்கால் படி ஏற மறுத்துவிட்டது. அன்றிலிருந்து நான் போகிறேன். ஆனால் அது அத்தைக்குப் பதிலாகப் போவதுதான். இனி நீதான் என்று யாரும் என்னிடம் சொல்லவில்லை.

அதைச் சொல்ல வேண்டியது கோயில் கமிட்டி. அறுப்பின் பண்டிகை ஆராதனை முடிந்ததும் கூடி, சாவி இனி யார் வீட்டில் இருப்பது என்று முடிவு செய்வதாக இருந்தார்கள். கமிட்டியில் வாச்சர் மாமாவும் ஒருவர். தோட்டத்தில் ரப்பர் பால் திருட்டுப் போகாமல் காவல் பார்ப்பவர். அவர் வீடு கோயில் படிக்கட்டுக்கு நேர் கீழே இருக்கிறது. ஆகவே சாவி தன் வீட்டுக்கு வருவதுதான் நியாயம் என்பது அவர் கட்சி. என்னைப் பற்றி அவர் சொன்னது என் காதுக்கும் வந்து சேர்ந்தது.

"நல்ல புள்ளதான். ஆனா வெளியூர்ப் புள்ள. கையில சின்னதையும் வச்சிருக்கு. யாராச்சும் வந்து பல்லக் காட்டிக் கேட்டா தொறந்து விட்ரும்."

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அவர் சொல்வது சரிதானோ என்றுதான் தோன்றியது. கோயிலைப் பூட்டிவிட்டுப் பாதிப் படி இறங்கியதும், பூட்டினேனா இல்லையா என்று சந்தேகம் வந்து, திரும்பி ஏறிப் போய்ப் பூட்டை இழுத்துப் பார்ப்பவள் நான். தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் வேலை செய்கிறேன். தாய்மார் பால் வெட்டப் போயிருக்கும் நேரத்தில் அவர்களுடைய குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம் அது. அங்கேயும் குழந்தைகளை எண்ணுவேன், கதவைச் சாத்துவேன், மறுபடி எண்ணுவேன். இப்படிப்பட்டவள் கையில் ஒரு கோயிலைக் கொடுக்கலாமா?

இருந்தாலும் சாவி என்னிடமே இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இந்தத் தோட்டத்தில் நான், பிறந்த ஊரை வைத்து, பெல்மதுளைப் பிள்ளை. கடைக்குப் போனாலும், குழாயடிக்குப் போனாலும் அதுதான் என் பெயர். சாவியைக் கையில் பிடித்துக்கொண்டு ஏறும்போது மட்டும், "கோயிலுக்கா? ரெண்டு செவ்வந்தி இருக்கு, கொண்டு போங்க" என்று வேலிக்கு மேலாகப் பூ நீட்டுவார்கள். அந்தப் படிகளில் நான் எந்த ஊர்க்காரியும் இல்லை.

பண்டிகைக்கு முந்தைய சனிக்கிழமை, மகளையும் கூட்டிக்கொண்டு ஏறினேன். அவளுக்கு ஆறு வயது. தொப்பி, தண்ணீர்ப் போத்தல், அட்டை ஏறாமலிருக்கச் சவர்க்காரம் தேய்த்த காலுறை, எல்லாம் போட்டுவிட்டிருந்தேன். அத்தை அவளைப் பார்த்து, "எங்க, யுத்தத்துக்கா?" என்று கேட்டார். நான் சிரித்துவிட்டு, காலுறையை இன்னும் கொஞ்சம் மேலே இழுத்துவிட்டேன்.

பண்டிகை வேலை அதிகம். அறுப்பின் பண்டிகைக்கு ஒவ்வொரு வீட்டாரும் விளைந்ததைக் கொண்டுவந்து பலிபீடத்தின் முன் வைப்பார்கள். பூசணி, வாழைக்குலை, மரவள்ளி, முட்டை, சில வருடம் உயிருள்ள சேவல். ஆராதனை முடிந்ததும் அத்தனையும் வாசலில் ஏலம் போகும். பீடத்தில் வைத்ததை வைத்தவர் திருப்பி எடுக்க முடியாது. ஏலத்தில் எடுப்பவருக்கே அது சொந்தம். ஒரு வாழைக்குலைக்காக வீட்டுக்கு வீடு மல்லுக்கு நிற்பார்கள். அதில்தான் பாதிச் சந்தோஷம்.

நான் பெஞ்சுகளைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, கீழே ஒரு வேன் நிற்கும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் முக்காடு போட்ட ஒரு பெண் படியேறி வந்தார். என்னைவிட நாலைந்து வயது கூடுதலாக இருக்கும். காலில் ஓட்டச் சப்பாத்து, ஒரு கையில் போன், மறு கையில் பென்சில். வாசலுக்கு வெளியிலேயே நின்றுகொண்டார்.

"தங்கச்சி, கோயில் பாத்துக்குற ஆள் நீங்களா? உள்ளுக்கு வரலாமா?"

மாவனல்லையில் கணக்கு டீச்சர் என்றார். வேனில் இருப்பது கணவர், இரும்புக்கடை வைத்திருக்கிறார் என்றார். வந்த காரியத்தை அவர் சொன்னபோது, என் கையிலிருந்த துணி ஈரம் சொட்டிக்கொண்டே இருந்தது.

"இது ஒரு வெளாட்டு தங்கச்சி. ஒலகம் முழுக்க வெளாடுறாங்க. ஒராள் ஒரு பெட்டிய ஒளிச்சு வச்சிட்டு, அது ஈக்கிற எடத்த போன்ல போட்ருவாரு. மத்தவங்க தேடிக் கண்டுபுடிச்சு, உள்ளுக்கு ஈக்கிற தாள்ல பேர எழுதிட்டு, அதே எடத்துல திருப்பி வச்சிரணும். ஜியோகேச்சிங்னு சொல்றது. இந்தக் கோயில்லயும் ஒண்ணு ஈக்குது. கொஞ்ச வருஷத்துக்கு முந்தி ஒரு வெள்ளக்காரர் வச்சிட்டுப் போனது. அவர்ட பூட்டன் இங்க துரையா இருந்தவராம்."

"பெட்டியில என்னங்க இருக்கு?"

"பெறுமதியா ஒண்ணுமில்ல. சின்னச் சின்ன சாமான். ஒண்ண எடுத்தா ஒண்ண வைக்கணும், அதான் சட்டம்."

படிக்கட்டின் கீழிருந்து ஒரு குரல் வந்தது. அவருடைய கணவர் வேன் கதவில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார். "பெறுமதி இல்லாததுக்கு ஏன் இவ்வளவு டீசல்னு நானும் கேட்டுப் பாத்துட்டேன் தங்கச்சி. எனக்கும் இதே பதில்தான்."

எனக்குச் சிரிப்பு வந்தது. பயமும் வந்தது. நான் வளர்ந்த பக்கத்தில் எங்கு பார்த்தாலும் மாணிக்கக் குழி. ஒரு கருவியோடு யாராவது வந்து நிலத்தைப் பார்த்துக்கொண்டு நடந்தால், கொஞ்ச நாளில் அங்கே ஒரு குழி இருக்கும், மழைக்கு அதன் ஓரம் சரியும், பிள்ளைகளை அந்தப் பக்கம் விடமாட்டார்கள். இந்தப் பக்கத்து ஆட்களுக்கோ வேறு பயம். பழைய கோயில், பழைய விகாரை என்றால் துரைமாரோ அரசர்களோ புதைத்துவிட்டுப் போனது கீழே இருக்கும் என்று இரவோடு இரவாகத் தோண்ட வருகிறவர்கள் இருக்கிறார்கள். அப்புறம் பொலிஸ் வரும், விசாரணை வரும். முதலில் விசாரிப்பது சாவி வைத்திருப்பவரைத்தான்.

கணவரிடம் கேட்கலாம் என்று போனை எடுத்தேன். அவர் ரப்பர் ஸ்டோரில் வேலையில் இருந்தார். உள்ளே போன் வைத்துக்கொள்ள விடமாட்டார்கள். அத்தையிடம் கேட்க வேண்டுமென்றால் கீழே இறங்க வேண்டும். அதுவரை இவர்களை இங்கே விட்டுவிட்டுப் போவதா, பூட்டிவிட்டுப் போவதா?

"தோண்டணுமாங்க?" என்று கேட்டேன்.

"தோண்டவே கூடாது. அதுவும் சட்டம்தான்."

"அப்ப வாங்க. ஆனா நானும் கூடவேதான் வருவேன். அப்புறம், போட்டோ எடுத்தா மகள எடுக்காதீங்க."

சொன்ன பிறகு, தேடி வந்தவரிடம் இப்படியா பேசுவது என்று கூசியது. டீச்சர் ஒன்றும் நினைக்கவில்லை. "நானும் எங்கட புள்ளைகள எடுக்க விடமாட்டன்" என்று சொல்லிக்கொண்டே சப்பாத்தைக் கழற்றி, எங்கள் செருப்புகளுக்குப் பக்கத்தில் ஒழுங்காக வைத்தார். அப்போதுதான் எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

பெட்டி இருக்கும் இடத்தை வெள்ளைக்காரர் நேரடியாகச் சொல்லவில்லை. மூன்று கேள்விகள் வைத்திருந்தார். மூன்றுக்கும் விடை ஓர் எண். அந்த எண்களை டீச்சரின் போனில் போட்டால், அது போக வேண்டிய இடத்தைக் காட்டும்.

முதலாவது, மணியில் பொறித்திருக்கும் ஆண்டின் கடைசி எண். அதை நான் பார்க்காமலே சொன்னேன். மணிக்கயிறு அறுந்தபோது அதைக் கட்டியது நான்தான். இரண்டாவது, வாசலுக்கு வடக்கேயுள்ள சின்னக் கல்லறையில் இருப்பவரின் வயது.

அந்தக் கல்லறை எனக்குத் தெரியும். துரைமார் கல்லறைகளுக்கு நடுவே முழங்கால் உயரத்தில் ஒரு சிலுவை. அதைச் சுற்றிப் புல் வெட்டியிருக்கிறேன், ஆனால் எழுத்தை வாசித்ததில்லை. வாசிக்க வேண்டாம் என்று வைத்திருந்தேன். இப்போது டீச்சர் பாசியைச் சுரண்டாமல் தண்ணீர் ஊற்றிக் கையால் துடைக்க, எழுத்து தெரிந்தது. வயது என்று இருந்தது மாதக் கணக்கில்.

"அம்மா, பாப்பாவா உள்ள இருக்கு?" என்றாள் மகள்.

"ஆமா."

"ஏன் செத்துச்சு?"

"காய்ச்சல் வந்திருக்கும்மா. அந்தக் காலத்துல மருந்து இல்ல."

அவள் கழுத்தில் கையை வைத்துப் பார்த்தேன். சூடு இல்லை. டீச்சர் அதைக் கவனித்தார். தன் மகளுக்குத் தடிமன், காய்ச்சல் பிடித்தால் தானும் இரவெல்லாம் இப்படித்தான் தொட்டுத் தொட்டுப் பார்ப்பதாகச் சொன்னார். மகள் தன் தொப்பியில் செருகியிருந்த செவ்வந்தியை எடுத்து அங்கே வைத்தாள். இதை நான் சொல்லிக்கொடுக்கவில்லை.

மூன்றாவது கேள்விதான் எங்களைச் சுற்றவிட்டது. பலிபீடத்துக்குப் பின்னாலுள்ள சன்னலில் நீலக் கண்ணாடிகள் எத்தனை? சதுரம் சதுரமாக நீலமும் மஞ்சளும் பதித்த சன்னல். மகள் எண்ணினாள், டீச்சர் எண்ணினார், நான் இரண்டு முறை எண்ணினேன். எல்லாருக்கும் ஒரே எண்தான். ஆனால் அதைப் போனில் போட்டதும், அதில் வழி காட்டும் அம்பு எங்களைக் கோயிலுக்குக் கீழே, ரப்பர் மரங்களுக்குள் இழுத்துக்கொண்டு போனது. முழங்காலளவு புல். அட்டை. டீச்சர் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஒவ்வொரு மரத்தின் அடியையும் பார்த்தார். சிரட்டையில் பால் சொட்டிக்கொண்டிருந்ததைத் தவிர எதுவும் இல்லை.

கீழிருந்து டீச்சரின் கணவர் கேட்டார். "அங்கயே ஒரு கடை போட்ரலாமா?"

"நீங்க வேன்ல இருங்களே!"

எனக்கு அப்போது மனசு இரண்டாகிவிட்டது. கிடைக்காமல் போனால் இவர்கள் போய்விடுவார்கள், நானும் பூட்டிவிட்டு நிம்மதியாக இறங்கலாம். ஆனால் மகள் ஒவ்வொரு மரத்தின் பின்னாலும் எட்டிப் பார்த்துக்கொண்டு, சேற்றில் காலை வைத்து, காலுறையை நனைத்து, ஒரு முறைகூட என் கையைத் தேடாமல் ஓடிக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்ததும் எனக்கும் அந்தப் பெட்டி வேண்டும் போலிருந்தது.

மறுபடி சன்னலின் கீழே வந்து நின்றோம். வெயில் கொஞ்சம் ஏறியிருந்தது. தரையில் நீலமும் மஞ்சளுமாக விழுந்த ஒளியில், ஒரு சதுரம் மட்டும் வெள்ளையாக இருந்தது.

"டீச்சர், இருங்க" என்றேன். "இது புதுக் கண்ணாடி. போன வருஷம் காத்துல ஒரு கிளை விழுந்து ஒடைஞ்சுது. நீலம் எங்கயும் கெடைக்கலன்னு எங்க வீட்டுக்காரருதான் சாதாக் கண்ணாடிய வச்சு அடைச்சாரு. முன்ன அது நீலம்."

டீச்சர் என்னைப் பார்த்த பார்வை, வகுப்பில் கடைசி பெஞ்சிலிருந்து சரியான விடை வந்ததுபோல இருந்தது. ஒன்றைக் கூட்டிப் போட்டார். அம்பு திரும்பியது. மணிக்கூண்டுக்குப் பின்னால், மண் சரியாமலிருக்க அடுக்கியிருக்கும் கல் கட்டின் முன்னால் போய் நின்றது.

அந்தக் கல் கட்டில் இடுக்குகள் நிறைய. தோட்டத்து ஆட்கள் அங்கேதான் வேண்டுதல் வைப்பார்கள். கோயில் பூட்டியிருந்தாலும் வேண்டுதல் காத்திருக்காது அல்லவா? மஞ்சள் துணியில் காசு முடிந்து வைப்பார்கள். பிள்ளை வேண்டுமென்று சின்னச் சட்டை வைப்பார்கள். எங்கள் சபை ஆட்கள் மட்டுமில்லை, கீழ்க் கிராமத்துச் சிங்கள ஆட்களும் வைப்பார்கள். அதை யாரும் தொடமாட்டார்கள், திறந்து பார்க்கமாட்டார்கள். பண்டிகை வந்தால் அப்படியே எடுத்துப் பீடத்தில் வைத்துவிடுவார்கள்.

ஒரு கல் மட்டும் மற்றவற்றோடு சேராமல் தனியாக இருந்தது. டீச்சர் மெதுவாக அசைத்து வெளியே எடுத்தார். உள்ளே ஒரு பெட்டி அளவுக்கு வெறும் பொந்து. எறும்புகள் ஓடின. பெட்டி இல்லை.

அந்த நேரத்தில்தான் கீழே ஒரு சத்தம் கேட்டது. "மொனவத மாத்தயா மெஹே ஹாரன்னே?" இங்கே என்ன தோண்டுகிறீர்கள் என்று வாச்சர் மாமா வேன்காரரிடம் சிங்களத்தில் அதட்டிக்கொண்டிருந்தார்.

"நான் தமிழ் பேசுற ஆள்தான் அண்ணே," என்றார் இரும்புக்கடைக்காரர். "நான் ஒண்ணும் தோண்டல. வைஃப்தான் மேல."

அவர் சொன்னது உதவவில்லை. வாச்சர் மாமா கையில் தடியோடு படியேறி வந்தார். எடுத்த கல்லைப் பார்த்தார், பொந்தைப் பார்த்தார், டீச்சரின் கையிலிருந்த போனைப் பார்த்தார். கடைசியாக என்னைப் பார்த்தார்.

"கல்லப் பேத்தாச்சு! நான் சொன்னேன்ல? நான் கமிட்டியில சொன்னேன்ல? பண்டிகைக்கு முந்துன நாளு, தொறந்து விட்டு, ஆளக் கூட்டியாந்து, செவுத்த ஒடைச்சுக்கிட்டு நிக்குது!"

"ஒடைக்கல மாமா, கல்லு சும்மாதான் இருந்துச்சு..."

"நாளைக்குக் கூட்டத்துல பேசிக்குவோம்மா."

டீச்சர் பதறிப்போய், அவர் பக்கம் போனைத் திருப்பி, தேடிக்கொண்டிருந்தது புதையல் இல்லை, ஒரு சாதாரணப் பெட்டி என்று விளக்கத் தொடங்கினார். அதில் எழுதியிருந்ததை வாசித்தார். பட்டாளத்துப் பச்சை நிறம். இரும்பு. மேலே மடக்குக் கைப்பிடி. பக்கத்தில் கொக்கி. மூடியின் உள்பக்கம் ரப்பர் விளிம்பு.

அந்தப் பெட்டியை நான் தினமும் திறக்கிறேன். எங்கள் அடுப்புக்கு மேல் பலகையில் இருக்கிறது; எப்படி வந்தது என்று நான் கேட்டதே இல்லை. பூனை எத்தனை முயன்றாலும் அந்தக் கொக்கியைத் திறக்க முடியாது என்று அத்தைக்கு அதன்மேல் அவ்வளவு பெருமை.

சொல்லலாமா? சொன்னால், காணாமல் போன பெட்டி சாவிக்காரர் வீட்டிலேயே இருந்தது என்றாகும். சொல்லாவிட்டால், டீச்சர் இவ்வளவு தூரம் வந்துவிட்டு வெறுங்கையோடு போவார். அத்தையைக் கேட்காமல் அத்தையின் பெட்டியைப் பற்றி எப்படிச் சொல்வது? நான் இப்படி யோசித்துக்கொண்டிருக்கும்போதே என் மகள் குதித்துக்கொண்டு கத்தினாள்.

"அம்மா! அது நம்ம கருவாட்டுப் பெட்டி!"

எல்லாரும் என்னைப் பார்ப்பார்கள் என்று நினைத்தேன். டீச்சர் பார்த்தார். வாச்சர் மாமா மட்டும் பார்க்கவில்லை. தடியின் நுனியால் தரையில் கோடு போட்டுக்கொண்டிருந்தார்.

கோயிலைப் பூட்டி, இழுத்துப் பார்த்து, எல்லாரும் எங்கள் வீட்டுக்கு இறங்கினோம். கல்லை வாச்சர் மாமாவே எடுத்துப் பொந்தில் வைத்துவிட்டு, கொஞ்சம் பின்னால் வந்தார். அத்தை சமையலறையில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். நான் மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் சொன்னேன். அத்தை துருவுவதை நிறுத்தவே இல்லை.

"அதுக்கு ஏன் அழுவுற மாதிரி நிக்கிற? போன பண்டிகையில ஏலத்துல எடுத்தேன். ஊருக்கே தெரியும். வாச்சர் சம்சாரம் வெலய ஏத்தி ஏத்தி விட்டாங்க, நான் விட்டுக் குடுக்காம நின்னு எடுத்தேன்."

"ஏலத்துக்கு எப்படி அத்தை வந்துச்சு?"

"பீடத்துல இருந்துச்சு. வாச்சருதான கொண்டாந்து வச்சாரு?" அத்தை நிமிர்ந்து கதவைப் பார்த்தார். "என்னாங்கண்ணே, நீங்கதான?"

வாச்சர் மாமா கதவோரத்தில் நின்றுகொண்டிருந்தார். தொப்பியைக் கழற்றினார்.

"பண்டிகைக்குப் புல்லு வெட்டுறப்ப கல்லு வுழுந்துச்சு. உள்ள பெட்டி. இம்மாம் பெரிய பெட்டியில வச்சிருக்காங்களே, யாருக்கு என்ன கஷ்டமோன்னு நெனச்சேன். வேண்டுதல வெயில்லயும் மழையிலயும் விடக்கூடாதுன்னு பீடத்துல கொண்டு போயி வச்சேன்."

"தொறந்து பாக்கலையா?" என்று கேட்டார் டீச்சர்.

"அடுத்தவங்க வேண்டுதல தொறப்பாங்களாம்மா?"

அவர் அதைச் சொன்ன விதத்தில் யாருக்கும் உடனே சிரிக்கத் தோன்றவில்லை. முதலில் சிரித்தது இரும்புக்கடைக்காரர்தான். அப்புறம் டீச்சர். அப்புறம் அத்தை, தேங்காய்த் துருவலில் கையை வைத்தபடியே. கடைசியாக வாச்சர் மாமாவும், வேறு பக்கம் பார்த்துக்கொண்டு.

பெட்டியைப் பலகையிலிருந்து இறக்கினேன். உள்ளே இருந்த சாமானெல்லாம் எங்கே என்று டீச்சர் கேட்க, அத்தை கணக்கு ஒப்பித்தார். வெளிநாட்டுக் காசைக் கோயில் காணிக்கையில் போட்டாயிற்று. தாள் நனைந்துபோய் இருந்தது, காய்ந்ததும் அடுப்புப் பற்றவைக்க உதவியது. சாவி மாட்டும் வளையம் ஒன்று, அது என் கணவரின் மோட்டார் சைக்கிளில் தொங்குகிறது. அப்புறம் ஒரு பச்சை பிளாஸ்டிக் தவளை. அது மட்டும் கேட்காமலே வெளியே வந்தது. மகள் அதை முதுகுக்குப் பின்னால் மறைத்துப் பிடித்திருந்தாள். ஒரு வருடமாக அதை வைத்துக்கொண்டுதான் தூங்குகிறாள்.

"திருப்பிக் குடுக்கணுமா?" என்றாள். குரல் உடைந்துவிட்டது.

டீச்சர் அவள் முன்னால் குந்தி உட்கார்ந்தார். "குடுக்க வேணாம். ஒண்ண எடுத்தா ஒண்ண வைக்கணும். அவ்வளவுதான். என்ன வைப்பீங்க?"

மகள் உள்ளே ஓடிப் போய் ஒரு ரப்பர் கொட்டையைக் கொண்டுவந்தாள். தோட்டத்துப் பிள்ளைகள் எல்லாரிடமும் ரப்பர் கொட்டைகள் இருக்கும். சிமெந்துத் தரையில் தேய்த்துச் சூடேற்றி ஒருவர் கையில் ஒருவர் சூடு வைப்பார்கள். ஆனால் இது அவளுடைய நல்ல கொட்டை. தேங்காயெண்ணெய் தடவிப் பளபளவென்று வைத்திருந்தது.

அத்தையும் அந்தச் சட்டத்தைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். "அப்ப பெட்டிய எடுத்தா எனக்கு ஒரு பெட்டி வைக்கணும்ல?" என்றார்.

டீச்சர் வேனுக்குப் போய்த் தங்கள் சாப்பாட்டுப் பெட்டியைக் கொண்டுவந்தார். நாலு பக்கமும் கொக்கி உள்ள நல்ல பெட்டி.

"அது என்ட சோத்துப் பெட்டி!" என்றார் கணவர்.

"இனி இவங்கட கருவாட்டுப் பெட்டி."

பெட்டியைச் சாம்பலும் தேசிக்காய்ச் சாறும் போட்டு மூன்று தண்ணீர் கழுவினேன். வாசம் முழுவதும் போகவில்லை. அடுத்துத் தேடி வருகிறவருக்குப் பூனை வழி காட்டும் என்றார் இரும்புக்கடைக்காரர். எல்லாரும் பால் கலக்காத பிளேன்டி குடித்தோம், சர்க்கரைக் கட்டியைக் கடித்துக்கொண்டு. டீச்சர் புதிய தாள் ஒன்றை வெட்டிச் சுருட்டி, முதலில் தன் பெயரை எழுதினார். பிறகு என் பக்கம் நீட்டினார். நான் மகளின் பெயரை எழுதினேன். என்னுடையதையும் எழுதலாமா என்று யோசித்தேன். எழுதினேன்.

பெட்டியைத் திருப்பி வைக்க மேலே போனபோது வாச்சர் மாமாவும் வந்தார். எறும்புக்கு மண்ணெண்ணெய் தடவினார். கல்லை அசைத்து அசைத்துப் பொருத்தினார். யாருக்கும் சொல்லக்கூடாது என்று டீச்சர் கேட்டுக்கொண்டார். ஊருக்கே தெரிந்தால் விளையாட்டு இல்லை. வாச்சர் மாமா தலையாட்டினார். கூட்டத்தில் பேசுவதைப் பற்றி அவரும் ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாமோ என்று அன்று மாலை முழுவதும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் பண்டிகை நன்றாக நடந்தது. பூசணி நல்ல விலைக்குப் போனது. வாழைக்குலைக்கு அத்தையும் வாச்சர் சம்சாரமும் மறுபடி மோதி, இந்த முறை வாச்சர் சம்சாரம் ஜெயித்தார். பிறகு கமிட்டி ஆட்கள் பெஞ்சில் உட்கார, சாவிப் பேச்சு வந்தது. நான் மகளின் பின்னலை அவிழ்த்து மறுபடி பின்னிக்கொண்டிருந்தேன்.

வாச்சர் மாமா எழுந்தார்.

"சாவி அந்தப் புள்ளகிட்டயே இருக்கட்டும்" என்றார். "கேட்டா தொறந்து விடுது, அது நெசந்தான். ஆனா தொறந்து விட்டுட்டுப் போயிரல. கூடவே நிக்குது. எனக்குத்தான் தெரியுமே." கொஞ்சம் நிறுத்தினார். "சாவி அதுகிட்ட இருக்கட்டும். கல்லு எம் பொறுப்பு."

எந்தக் கல் என்று யாருக்கும் புரியவில்லை. கட்டு சரியாமல் பார்த்துக்கொள்வதாகச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டு, நல்லது நல்லது என்றார்கள். மகள் என்னைத் திரும்பிப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

அதற்குப் பிறகு இரண்டு தடவை ஆட்கள் வந்திருக்கிறார்கள். ஒரு தடவை இரண்டு வெள்ளைக்காரப் பெண்கள், ஒரு தடவை கண்டியிலிருந்து ஒரு சிங்களக் குடும்பம். திறந்து விடுகிறேன், பெஞ்சைத் துடைப்பதுபோல உள்ளேயே நிற்கிறேன். சன்னலின் கீழே அவர்கள் குழம்பும்போது, ஒரு கண்ணாடி மாற்றியது என்று மட்டும் பேச்சுவாக்கில் சொல்லிவைப்பேன். மகள் கல் கட்டின் பக்கம் பார்க்கவே மாட்டாள்; அவ்வளவு பாடுபட்டு வேறு பக்கம் பார்ப்பதைக் கண்டே அவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று எனக்குப் பயம்.

அவர்கள் போன பிறகு பூட்டிவிட்டு இறங்குகிறோம். பாதிப் படியில் நின்றுவிடுகிறேன்.

"பூட்டிட்டீங்கம்மா, நான் பாத்தேன்" என்கிறாள் மகள்.

நான் திரும்பி ஏறிப் போய் இழுத்துப் பார்க்கிறேன். பூட்டித்தான் இருக்கிறது. அவள் படியில் உட்கார்ந்து எனக்காகக் காத்திருக்கிறாள், தொப்பியில்லாமல்.